ஐந்து இரவில் ஏழு ஊர்: வாசகர் கேள்வி பதில்

காலாண்டு விடுமுறை நெருங்குவதால், இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ பல ஊர்களைச் சுற்றிவருவதைப் பற்றியே இருந்தன. முதல் கடிதத்துக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்களுக்கான விடையில் பாதி அதற்குள் அடங்கிவிடும் என்பதால் அவர்களும் அதைப் படித்துவிடுவது நல்லது.

கேள்வி: நாங்கள் அம்பத்தூரில் வசிக்கிறோம். நானும் கணவரும், 13 மற்றும் 9 வயதுப் பிள்ளைகள் இருவரும், மூட்டுவலி உள்ள 68 வயது மாமியாரும் சொந்தக் காரில் புறப்படுகிறோம். ஆறு பகல், ஐந்து இரவுதான் கைவசம் இருக்கிறது. சிதம்பரம், கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சாவூர், இராமேஸ்வரம், கன்னியாகுமரி, மதுரை, கொடைக்கானல் என ஏழு ஊர்களைக் குறித்து வைத்திருக்கிறோம். எந்த ஊரில் எத்தனை இரவு தங்கலாம்? (வாசகி, அம்பத்தூர்)

பதில்: இரவுகளை ஊர்களுக்குப் பங்கிடுவதற்கு முன்னால், ஓர் இரவுக்கான அறை வாடகை உங்களுக்கு எதைத் தருகிறது என்று பாருங்கள். அது தருவது ஒரு மாலைப் பொழுதையும் அடுத்த நாள் விடியற்காலையையும்தான். தமிழ்நாட்டுக் கோயில் ஊர்களில் இந்த இரண்டு பொழுதுகளுமே எல்லாம். தஞ்சைப் பெரிய கோயிலும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலும் பகல் பன்னிரண்டரை மணியளவில் நடை சாத்தப்பட்டு மாலை நான்கு மணிக்குத்தான் மீண்டும் திறக்கப்படும். சிதம்பரத்தில் மாலைத் திறப்பு இன்னும் தாமதம். ஆகவே நண்பகலில் ஒரு கோயில் ஊருக்குள் நுழைகிறவர், பூட்டிய கதவையும் வெயிலில் கொதிக்கும் கல்தரையையும்தான் பார்ப்பார். நடை சாத்தியிருக்கும் அந்த நேரத்தைச் சாலைக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்கிவிட்டு, மாலையிலோ விடியலிலோ மட்டுமே காணக்கூடிய ஒன்று உள்ள ஊர்களுக்கு மட்டும் இரவுகளைக் கொடுங்கள். வழியில் ஒரு காலைப் பொழுதுக்குள் பார்த்துவிடக்கூடிய ஊருக்கு அறை வாடகை தேவையில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் முதலில் விழுவது கொடைக்கானல். மதுரையிலிருந்து 120 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் மலையேறி இறங்குவதற்கே ஒரு பகல் போய்விடும். அங்கே ஓர் இரவு தங்குவது, பெட்டியைத் திறந்து கம்பளியை எடுத்து மறுபடி மடித்து வைப்பதற்கு மட்டுமே போதும். 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் இ-பாஸ் பதிவும் தேவைப்படுகிறது. அதைத் தனியாக மூன்று நாள் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சிதம்பரமா, கங்கைகொண்ட சோழபுரமா என்ற கேள்வி. முதல் நாள் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று நீங்கள் கணக்கிட்டிருப்பீர்கள், ஏனென்றால் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 45 கிலோமீட்டர்தான். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு அம்பத்தூரை விட்டுப் புறப்பட்டாலும், வழியில் சிற்றுண்டி முடித்துச் சிதம்பரத்தை அடையப் பத்து மணி ஆகிவிடும். தரிசனம் முடித்து, காட்டுமன்னார்கோவில் வழியாக வீராணம் ஏரிக்கரையைத் தாண்டிச் சோழபுரத்தை எட்டும்போது அங்கே நடை சாத்தியிருப்பார்கள். (நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு இந்த ஏரியிலிருந்துதான் வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம், அந்த ஆறுதலைத் தவிர வேறொன்றும் கிடைக்காது.) எனவே இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பிள்ளைகளுக்காக என்றால் சோழபுரம். அங்கே புல்வெளி விரிந்து கிடக்கிறது, கூட்டமும் குறைவு. விக்கிரவாண்டி, பண்ருட்டி, நெய்வேலி வழியாகக் கும்பகோணத்துக்கும் தஞ்சைக்கும் செல்லும் சாலையை ஒட்டியே அது இருப்பதால் சுற்றவும் வேண்டியதில்லை. பட்டியலில் சிதம்பரத்தைச் சேர்த்தவர் உங்கள் மாமியாராக இருந்தால், நான் சிதம்பரத்துக்கே வாக்களிப்பேன்.

எந்த வழியாகச் சென்றாலும் பகல் உணவு கும்பகோணத்தில்தான். மாமியார் சற்று ஓய்வெடுத்த பின், நான்கு மணிக்கு நடை திறக்கும்போது ஊரை ஒட்டியுள்ள தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் இருங்கள். இரண்டாம் இராசராசன் கட்டிய அந்தக் கோயிலின் முன்மண்டபம், குதிரைகள் இழுக்கும் தேராகவே செதுக்கப்பட்டிருக்கிறது; மாலை வெயில் சாய்ந்து விழும்போது அந்தச் சக்கரங்களின் நுணுக்கம் தெளிவாகத் தெரியும். அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் தஞ்சாவூர். பெரிய கோயில் இரவு எட்டரை மணி வரை திறந்திருக்கும் என்பதால், அறையில் பெட்டிகளை வைத்துவிட்டு உடனே சென்றால் கல்தரை குளிர்ந்த நேரத்தில் அந்த விமானத்தின் அடியில் உட்கார்ந்திருக்கலாம். 1010-இல் குடமுழுக்குக் கண்ட கோயில் அது. மதிய வெயிலில் கால் சுடச் சுட ஓடிப் பார்த்துவிட்டு வருவதற்கானது அன்று. முதல் இரவு இங்கே.

இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் போதும். புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் இடையே திருமயம் கோட்டை இருக்கிறது. அது நடை சாத்தும் தொல்லை இல்லாத இடம் என்பதால் பதினொரு மணிக்குப் பிள்ளைகளை ஏறவிட்டு, பெரியவர் கீழே நிழலில் இருக்கலாம். காரைக்குடியில் சாப்பிட்டுவிட்டுத் தேவகோட்டை, இராமநாதபுரம் வழியாகச் சென்றால் மாலை ஐந்து மணிக்குப் பாம்பன். 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் மேலிருந்தே, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட, நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய ரயில் பாலத்தைப் பார்க்க முடியும். பாலத்தின் மேல் காரை நிறுத்திப் படம் எடுக்கும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். பின்னால் வரும் பேருந்துக்கு ஒதுங்க இடமிருக்காது.

இராமேஸ்வரத்துக்கு இரண்டு இரவு கொடுக்கச் சொல்கிறேன். ஆறு நாளில் ஒரு நாளாவது பெட்டியைக் கட்டாமல் விடிய வேண்டும் என்பது ஒரு காரணம். மற்றொன்று, இங்குள்ளவை அனைத்தும் காலையில் நடப்பவை. அதிகாலை ஐந்து மணியளவில் ஸ்படிக லிங்க தரிசனம் முடித்துவிட்டு, அக்னி தீர்த்தக் கடலில் நீராடி, கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் வாளியால் இறைத்து ஊற்றச் செய்து, உடை மாற்றிக்கொண்டு மறுபடி சுவாமி சந்நிதிக்குப் போவதற்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். ஈர உடையோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள் என்பதால் மாற்று உடை கையோடு இருக்கட்டும். தீர்த்தங்களைச் சுற்றியுள்ள கல்தரை எப்போதும் வழுக்கும். மாமியாரைக் கடலோரத்தில் மட்டும் நீராடவைத்துவிட்டு, 22 வாளிகளையும் பிள்ளைகளுக்கு விட்டுவிடுவது உசிதம். அவர்கள் அதைக் கொண்டாட்டமாகவே எடுத்துக்கொள்வார்கள். பிறகு தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்களைப் பார்த்துவிட்டு, 2017-இல் திறக்கப்பட்ட சாலையில் அரிச்சல்முனை வரை காரிலேயே செல்லலாம். மாலை நேரத்தில் வாகனங்களை உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். சூரிய அஸ்தமனத்தை அங்கே பார்க்கலாம் என்று திட்டமிட்டு வந்து சோதனைச் சாவடியில் திரும்புகிற குடும்பங்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

நான்காம் நாள்தான் நீண்ட நாள். இராமேஸ்வரத்திலிருந்து கன்னியாகுமரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 310 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் நண்பகலில் தூத்துக்குடியில் சாப்பிட்டு, மக்ரூன் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, திருச்செந்தூர், உடன்குடி வழியாகச் சூரியன் மறைவதற்குள் குமரி சேர்ந்துவிடலாம். உங்கள் தேதி நவராத்திரியில் விழுந்தால் மட்டும் இந்தக் கடலோர வழியைத் தவிருங்கள்; குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேடமணிந்து வரும் பக்தர்களால் அந்தச் சாலை நிறைந்திருக்கும். தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி சென்று நான்குவழிச் சாலையைப் பிடித்தால் தூரம் சற்றுக் கூடினாலும் நேரம் மிஞ்சும்.

ஐந்தாம் நாள் சூரியோதயம் பார்த்துவிட்டு முதல் படகுகளுக்கு வரிசையில் நில்லுங்கள். விவேகானந்தர் பாறையிலிருந்து 133 அடி வள்ளுவர் சிலைக்கு 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடந்தே செல்லலாம். கடல் கொந்தளித்தால் படகு இருக்காது. அப்படியானால் காத்திருந்து காலையை இழக்காமல், 35 கிலோமீட்டரில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றுவிடுங்கள். குமரி மாவட்டத்துக்குள் கேரள அரசு பராமரிக்கும் அந்த மரவேலைப்பாட்டைப் படகுச் சவாரியைவிட உயர்வாகவே நான் மதிப்பேன். திங்கட்கிழமை மட்டும் அதற்கு விடுமுறை. பகலில் 245 கிலோமீட்டர் ஓட்டி மாலை ஐந்து மணிக்கு மதுரை. கைபேசிகளை அறையிலேயே வைத்துவிட்டு மீனாட்சி கோயிலுக்குச் சென்றால் இரவு பள்ளியறை பூஜை வரை இருந்து வரலாம். ஆறாம் நாள் காலைச் சிற்றுண்டிக்குப் பின் புறப்பட்டு 460 கிலோமீட்டர். மாலை ஆறு மணிக்குள் அம்பத்தூர்.

மொத்தம் ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர். இதில் கிழமை முக்கியம். சனிக்கிழமை புறப்படாமல் ஞாயிறு விடியலில் புறப்பட்டு வெள்ளி மாலை திரும்புங்கள். வார நாள்களில் அறை எளிதாகக் கிடைப்பதோடு, ஞாயிறு மாலையில் செங்கல்பட்டிலிருந்து பெருங்களத்தூர் வரை ஊர்ந்துவரும் கொடுமையும் இருக்காது. நாட்காட்டியில் மகாளய அமாவாசை எந்தத் தேதியில் வருகிறது என்றும் பார்த்துவிடுங்கள். அந்த நாளும் அதற்கு முந்தைய நாளும் இராமேஸ்வரத்தில் காரை நிறுத்தக்கூட இடம் கிடைக்காது.

மாமியாரின் முழங்கால் இத்தனையும் தாங்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். தாங்காது என்று தோன்றினால் கன்னியாகுமரியை விட்டுவிட்டு, இராமேஸ்வரத்திலிருந்து 170 கிலோமீட்டரில் உள்ள மதுரைக்கு நேராகச் சென்று இரண்டு இரவு தங்குங்கள். ஏறத்தாழ 380 கிலோமீட்டர் மிச்சமாகும்.

கேள்வி: மேலே சொன்னது போன்ற பயணத்தில், இரவு முழுவதும் காரை ஓட்டிச் சென்றால் ஓர் அறை வாடகை மிச்சம், ஒரு பகலும் கூடுதலாகக் கிடைக்கும் என்கிறார் என் கணவர். சரியா? (வாசகி, வேலூர்)

பதில்: சரியில்லை. பத்தாண்டுகளுக்கு முன்னால் நானும் இதே கணக்கைப் போட்டு, அலுவலகம் முடிந்து இரவு பத்து மணிக்குச் சென்னையை விட்டு மதுரைக்குப் புறப்பட்டேன். அதிகாலை மூன்றரை மணியளவில், உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டிய பிறகு எங்கோ, கண் ஒரு கணம் மூடி வலப்பக்கச் சக்கரம் சாலையின் நடுத்திட்டில் ஏறிவிட்டது. யாருக்கும் அடிபடவில்லை என்பது என் திறமையால் அல்ல. காலை எட்டு மணிக்கு மதுரையை அடைந்தால், விடுதியில் பன்னிரண்டு மணிக்குத்தான் அறை என்றார்கள். வரவேற்பறை நாற்காலியில் தூங்கிவழிந்து, அறை கிடைத்ததும் படுத்த குடும்பம் எழுந்தபோது மாலை ஐந்து. ஓர் இரவை மிச்சப்படுத்தப் போய் ஒரு பகலைத் தொலைத்ததுதான் கண்ட பலன். விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து மணி வரை உடல் தூக்கத்தைக் கேட்கும் நேரம். விளக்கில்லாமல் ஓரமாக நிற்கும் லாரிகளும் அந்த நேரத்தில்தான் கண்ணுக்குத் தெரியாது. நான்கரை மணிக்கு எழுந்து ஐந்து மணிக்குப் புறப்படச் சொல்லுங்கள். அந்தச் சாலையும் காலியாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஈரோட்டிலிருந்து மூன்று இரவில் மைசூரு, கூர்க், ஊட்டி மூன்றையும் காரில் பார்க்க முடியுமா? நாங்கள் புதுமணத் தம்பதி. (வாசகர், ஈரோடு)

பதில்: கூர்க்கை அடுத்த ஆண்டுக்கு வையுங்கள், மற்ற இரண்டும் ஒரே வட்டத்தில் அழகாக அமைகின்றன. சத்தியமங்கலம் வழியாகத் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, சாமராஜநகர் கடந்து மைசூரு. அங்கே இரண்டு இரவு. திரும்பும்போது குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், முதுமலை, கூடலூர் வழியாக ஊட்டி. அங்கே ஓர் இரவு தங்கி மேட்டுப்பாளையம் இறங்கி ஈரோடு.

இந்த வட்டத்தில் காட்டுக்குத்தான் கடிகாரம். பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்கு மூடப்பட்டிருக்கும். திம்பத்திலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. மைசூரில் இரவு உணவை முடித்துவிட்டு ஊட்டிக்குப் புறப்படலாம் என்ற யோசனைக்கே இடமில்லை. பகலில் செல்வதால் இழப்பும் இல்லை. காலை ஏழு மணிக்குப் பந்திப்பூரைக் கடப்பவர்களுக்குச் சாலையோரத்திலேயே மான் கூட்டம் தென்படுவது வழக்கம், யானைக்கு உத்தரவாதம் தர முடியாது. மைசூரின் இரண்டு இரவுகளில் ஒன்று ஞாயிறாக இருக்கட்டும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாள்களிலும் மாலையில் அரண்மனை முழுவதும் மின்விளக்கால் ஒளிரும். தசரா நாள்களில் தினமும் ஒளிரும், ஆனால் அறை வாடகையும் சேர்ந்து ஏறும். ஊட்டிக்கு இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம்.

கேள்வி: எல்லா ஊர்களிலும் முன்கூட்டியே அறை பதிவு செய்ய வேண்டுமா, போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாமா? (வாசகர், திருவண்ணாமலை)

பதில்: விடுமுறைக் காலமென்றால் முதல் இரவையும், இராமேஸ்வரம், கன்னியாகுமரி போன்ற முனை ஊர்களையும் பதிவு செய்துவிடுங்கள். அங்கே அறை இல்லையென்றால் அடுத்த பெரிய ஊரைத் தேடி மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும். தஞ்சை, மதுரை போன்ற பெருநகரங்களில் அன்று காலையில் கேட்டாலும் ஏதாவது கிடைக்கும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதிகள் இந்த நான்கு ஊர்களிலும் உள்ளன. அவற்றின் பெரிய பலம் காரை நிறுத்த இடம்.

பலரும் கேட்கத் தவறும் ஒன்று உண்டு. கோயில் ஊர் லாட்ஜ்கள் பலவற்றில் அறை எடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கு. பெரிய ஹோட்டல்களில் நண்பகல் கணக்கு. மாலை ஆறு மணிக்கு வந்து சேர்ந்து, மறுநாள் தீர்த்தமாடி, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுப் புறப்பட நினைப்பவருக்கு 24 மணி நேர லாட்ஜ், ஒரே இரவு வாடகையில் மறுநாள் பகல் முழுவதையும் சேர்த்துத் தந்துவிடுகிறது. அறையைப் பார்ப்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

கேள்வி: எங்களிடம் கார் இல்லை. டிரைவரோடு வாடகைக்கு எடுத்தால் எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகர், பூந்தமல்லி)

பதில்: வெளியூர் வாடகையில் பெரும்பாலும் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் என்று கணக்கிடுவார்கள். அந்த 250-ஐ மொத்தப் பயணத்துக்கும் சேர்த்துப் பார்க்கிறார்களா, நாள்தோறும் தனித்தனியாகவா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அம்பத்தூர் வாசகிக்குச் சொன்ன பயணத்தையே எடுத்துக்கொண்டால், மொத்தமாகப் பார்க்கும்போது ஓடிய 1,650 கிலோமீட்டருக்குத்தான் கட்டணம். நாள்தோறும் என்றால் தனுஷ்கோடி நாளில் ஓடிய 50 கிலோமீட்டருக்கும் 250-க்கான பணம் போகும். வித்தியாசம் 200 கிலோமீட்டருக்கு மேல் வரும். டிரைவர் பேட்டா, சுங்கக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம் ஆகியவை யார் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகைக் காரைக் குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம்; விபத்து என்று வந்தால் காப்பீடு கைவிட்டுவிடும்.

டிரைவர் இரவில் எங்கே தூங்குவார் என்று கேளுங்கள். பேட்டாவை மிச்சப்படுத்த அவர் காருக்குள்ளேயே இருக்கையைச் சாய்த்துப் படுப்பது வழக்கமாகிவிட்டது. மறுநாள் 300 கிலோமீட்டர் உங்கள் குடும்பத்தை ஏற்றிச் செல்லப்போகிறவர் அவர். டிரைவர்களுக்குத் தனியாகப் படுக்கும் இடம் தரும் விடுதியாகப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு சாதாரண அறை எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சுங்கச்சாவடிகளுக்கு வருடாந்திர பாஸ் வாங்கினால் இந்த ஒரு பயணத்திலேயே பயன் உண்டா? (வாசகர், தாம்பரம்)

பதில்: 2025 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் உள்ள அந்தப் பாஸ், வணிக நோக்கமற்ற தனியார் கார்களுக்கு 200 முறை அல்லது ஓராண்டு, எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். பரனூர், விக்கிரவாண்டி, சமயபுரம் போன்ற தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் அது செல்லும். மாநில அரசின் கீழ் வரும் சாலைகளில் செல்லாது. சென்னையிலிருந்து புதுச்சேரி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் அங்குள்ள சாவடிக்குத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வெளியூர் போகும் குடும்பத்துக்கு அது மிச்சமாகாது. ஊரில் பெற்றோர் இருந்து, மாதம் ஒருமுறை திருச்சிச் சாலையில் போய்வருகிறீர்கள் என்றால் தயங்காமல் வாங்குங்கள்.